உள்பக்கத் தாழ்ப்பாள்

இந்தப் பக்கம் வெயில் அடிக்கும் டீச்சர், கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க. கழுத்துல பள்ளிக்கூடத்து அட்டை தொங்குதே, அதான் டீச்சர்னு கூப்பிட்டேன். தப்பில்லையே? புதுக்கோட்டையா, திருச்சியா? திருச்சியா, நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முன்னாடி ஏர்போர்ட்டுல இறங்கிடுவேன். அறந்தாங்கியில ஏறுனா இந்த ரூட்டுல அது ஒரு வசதி, பஸ்ஸு ஏர்போர்ட் வாசலோடயே போகுது.

எம் பொண்ணு வர்றா. ஜெர்மனியில இருந்து. சிந்துஜான்னு பேரு, சிந்துன்னுதான் கூப்பிடுறது. ஒரே பொண்ணு. அங்க மேற்படிப்பு படிக்கிறா, என்னமோ சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ற படிப்பாம். அதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகணுமான்னு கேட்டேன், சிரிச்சா. காலையில கொழும்பு வந்து இறங்கிட்டா. அங்க உக்காந்திருந்து வேற பிளேன் மாறணுமாம். மத்தியானம் இங்க வந்துடுவா.

படிப்பு எங்க முடிஞ்சுது, இன்னும் இருக்கு. நாங்கதான் வரவழைச்சோம். ஏன்னு கேக்குறீங்களா? அந்தக் கண்றாவியை எங்க போய்ச் சொல்ல. ஊர்ல ஒருத்தர்கிட்ட நான் வாயைத் திறக்கலை. உங்களைப் பாத்தா நாலு பிள்ளைங்களுக்குப் புத்தி சொல்றவங்களா இருக்கீங்க, போற வழியில சொல்லிக்கிட்டுப் போனா எனக்கும் பாரம் குறையும்.

முன்னாடி டிரைவருக்குப் பின் சீட்டுல, ஜன்னலோரமா நீலச் சட்டை தெரியுதா? தலையைச் சாய்ச்சுத் தூங்குறானே. அவன் என் தம்பி, மோகன். அவன் இல்லேன்னா எங்க குடும்பம் இந்நேரம் சந்தி சிரிச்சிருக்கும்.

எங்கம்மா போனப்ப அவனுக்கு நடைகூட வரலை டீச்சர். இடுப்புல சுமந்து வளத்தது நான். எனக்குக் கல்யாணம் ஆனப்ப, கட்டில் பீரோவோட சேத்து ஒரு மச்சினனையும் சீராக் குடுத்துட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். அவரு மஸ்கட்டுல வண்டி ஓட்டுறார். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க வந்து தலையைக் காட்டுவார். வீட்டுக்கு ஆம்பளைன்னா அன்னைக்கும் இன்னைக்கும் மோகன்தான். கரண்ட் பில்லு கட்டுறதுல இருந்து சிந்துவை டியூஷன்ல கொண்டு விடுறது வரைக்கும் அவன்தான்.

விஷயத்துக்கு வர்றேன். போன மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. சிந்து வீடியோ கால்ல வந்தா. நடையில நின்னு தலையைச் சீவிக்கிட்டே பேசிக்கிட்டிருக்கா. அவளுக்குப் பின்னாடி ஒரு தடியன் போறான் டீச்சர். தோள்ல துண்டு, அரை டவுசர், வாயில பிரஷ்ஷு. போற போக்குல போனைப் பாத்து எனக்குக் கை வேற ஆட்டிட்டுப் போறான். யாருடி அவன்னு கேட்டேன். கூட இருக்கிறவன்மா, பாத்ரூம் போறான்னா. பொம்பளைப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல ஆம்பளைக்கு என்ன வேலைன்னேன். அப்பத்தான் சாவகாசமா சொல்றா, இங்க அப்படித் தனித்தனியா எல்லாம் கிடையாது, எங்க மாடியில ஆணும் பொண்ணுமா ஏழெட்டுப் பேரு இருக்கோம், ஆளுக்கொரு ரூம், பாத்ரூம் மட்டும் எல்லாருக்கும் பொதுன்னு.

ஒருத்தன் குளிச்சுட்டு வெளிய வர்றான், அந்த ஈரத்துல போய் எம் பொண்ணு நிக்கிறா. நினைச்சுப் பாக்க முடியுதா உங்களால? என்னடி இது அநியாயம்னு நான் பதறுறேன். அவ சிரிக்கிறா. சிரிச்சுக்கிட்டே சொன்னதை அப்படியே சொல்றேன் கேளுங்க.

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கும்மா. போட்டோம்னா கதவுக்கு வெளியில செவப்பா ஒரு வட்டம் தெரியும். செவப்பு தெரிஞ்சா ஒருத்தர்கூட கதவுகிட்ட வர மாட்டாங்க. நான் பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்கிறேம்மா."

பாட்டுப் பாடுறாளாம். இத்தனை ஆம்பளைங்க நடமாடுற இடத்துல. நம்ம வீட்டுல இருந்த வரைக்கும் அந்தப் பிள்ளை குளிக்கிற சத்தமே வெளிய வராது டீச்சர். ரெண்டு செம்பு ஊத்துனாளா, வந்தாளான்னு இருக்கும். நைட்டியைக்கூடக் கழட்ட மாட்டா, அப்படியே தண்ணியை ஊத்திக்கிட்டு ஈரத்தோட ரூமுக்கு ஓடுவா. அவ்வளவு அடக்கமா வளத்தேன். அங்க போயி எல்லாம் கெட்டுப் போச்சு.

என்ன கேட்டீங்க, எங்க வீட்டு பாத்ரூமா? எங்க வீட்டுலயும் ஒண்ணுதான். கொல்லையில ஹாலோ பிளாக் வச்சுக் கட்டி, தகரக் கதவு போட்டது. எல்லாருக்கும் அது ஒண்ணுதான். நீங்க எங்க வர்றீங்கன்னு புரியுது. ஆனா அது வீடு டீச்சர். அங்க யாரு இருக்கா? நானு, அவ, மோகன். தாய்மாமன் என்ன அந்நியனா?

அவ தொட்டில்ல கிடந்தப்பவே இவ எனக்குத்தான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் அவன். எங்க பக்கம் அது முறைதானே, உங்க பக்கமும் இருக்கும். அவ வயசுக்கு வந்தப்ப அவளை உக்கார வைக்கக் குச்சில் கட்டினது அவன். பச்சைத் தென்னை ஓலையை அவனே மரம் ஏறி வெட்டிக்கிட்டு வந்தான். மாமன் சீருன்னு மேளத்தோட ஊரைச் சுத்தி வந்து மாலை போட்டான். கடை வீதியே வாயைப் பொளந்து பாத்துச்சு. அவ மட்டும் நிமிந்து பாக்கலை. வெக்கம்.

அந்தக் கதவு இருக்கே, அதுதான் அவளுக்கும் எனக்கும் ஓயாத சண்டை. உள்தாழ்ப்பாள் ஒரு நாள் கழண்டு விழுந்துச்சு. மோகன் மாட்டிக் குடுத்தான், மறுபடி விழுந்துச்சு. திரும்ப மாட்டினான், திரும்ப விழுந்துச்சு. பழைய தகரம், ஸ்க்ரூ பிடிக்கலைன்னான். காலேஜ் சேந்த வருஷம் இவளே கடையில போயி ஒரு தாழ்ப்பாளும் ஸ்க்ரூ டிரைவரும் வாங்கிக்கிட்டு வந்து முடுக்கிக்கிட்டிருந்தா. ஆம்பளை இருக்கிற வீட்டுல உனக்கு எதுக்குடி இந்த வேலைன்னு சத்தம் போட்டேன். அதுவும் ஒரு வாரத்துல விழுந்துடுச்சு. அப்புறம் ஒரு குடம் தண்ணியைக் கதவுக்கு அண்டை கொடுத்து வச்சுட்டுக் குளிப்பா. தகரத்துல ஒரு ஓட்டை, சோப்பைக் குழைச்சு அடைச்சு வைப்பா. மறுநாள் பாத்தா சோப்பு இருக்காது. காத்து வந்து போகணும்லக்கா, அடைச்சா துரு ஏறும்னு மோகன் சொல்லுவான். இவ மறுபடி அடைப்பா. கடைசியில மோகன் பைக் தெருவைத் தாண்டுற சத்தம் கேட்டாத்தான் குளிக்கப் போறதுன்னு வச்சுக்கிட்டா. பிடிவாதம் டீச்சர், அப்பன் செல்லம்.

ஒரு நாள் சாயங்காலம் உள்ள இருந்து வீல்னு ஒரு கத்து. பாம்போ தேளோன்னு ஓடுறேன். பாத்தா ஒண்ணும் இல்லை. மோகன் அந்தப் பக்கம் முருங்கைக்கீரை பறிச்சுக்கிட்டு நிக்கிறான். இவ ஈரத் துணியோட நடுங்கிக்கிட்டு நிக்கிறா. என்னடின்னேன்.

"மாமா ஓட்டை வழியா பாக்குறாரும்மா"ன்னா.

வாயில ஒண்ணு போட்டேன். போடாம? தூக்கி வளத்தவன் மேல சொல்ற பேச்சா அது? அக்கம்பக்கத்துல காது இல்லையா? மோகன் பாவம், பறிச்ச கீரையை எடுக்கவும் மனசில்லாம அப்படியே போட்டுட்டுப் போயிட்டான். ரெண்டு நாள் சோறு இறங்கலை அவனுக்கு. நான்தான் கெஞ்சிச் சாப்பிட வச்சேன். அவ அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. புத்தி வந்துடுச்சுன்னு நினைச்சேன். ராவும் பகலும் படிச்சா, ஜெர்மனியில இடம் வாங்குனா, அவங்க அப்பா மஸ்கட்டுல இருந்தே சரின்னுட்டார். என்னை ஒரு வார்த்தை கேக்கலை.

தண்ணி குடிக்கிறீங்களா? முகமெல்லாம் வேர்த்திருக்கு உங்களுக்கு. புதுக்கோட்டை வந்துடுச்சு, இங்க வண்டி கொஞ்சம் நிக்கும். காத்தாட இறங்கணும்னா இறங்கிட்டு வாங்க. வேண்டாமா? சரி.

பாத்தீங்களா, முழிச்சுக்கிட்டான். வா மோகன். இந்த டீச்சரும் திருச்சிதான் போறாங்க, பேச்சுத்துணையா இருக்கு. மல்லியப் பூவா? பூக்காரி நல்லா நெருக்கமாத்தான் கட்டியிருக்கா. குடு, மடியில வச்சுக்கிறேன். மாத்திரை போட்டுக்கிட்டேன், நீ போயி உக்காரு.

சிந்துவுக்காம். அவ வந்து இறங்குனதும் தலையில வச்சுவிடச் சொல்றான். இந்தக் காலத்துல எவனுக்கு இந்த நினைப்பு வரும் சொல்லுங்க. உங்களைப் பாத்துச் சிரிச்சானே, நீங்க ஏன் முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க? கூச்ச சுபாவமா உங்களுக்கு?

அந்த வீடியோ கால் வந்த அன்னைக்கு மோகன்கிட்ட அழுதுகிட்டே எல்லாத்தையும் சொன்னேன். பொது பாத்ரூமு, துண்டு போட்ட தடியன், பாட்டு, எல்லாம். அவன் முகம் கறுத்துப் போச்சு. அப்புறம் மெதுவாச் சொன்னான், அக்கா, இது ஊருக்குத் தெரிஞ்சா அவளை எவன் கட்டுவான், கண்ட ஆம்பளையோட ஒரே குளியலறையில புழங்குனவள்னு பேசுவாங்கன்னு. ஐயோ, இப்ப என்னடா பண்றதுன்னேன். அதுக்கு அவன், நீ கலங்காதே, நான் கட்டிக்கிறேன்னான். டீச்சர், நான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். நாப்பதை நெருங்கிட்டான், இத்தனை வருஷமா எத்தனை ஜாதகம் வந்துச்சு, எல்லாத்தையும் தட்டிவிட்டுட்டு அவளுக்காகவே காத்துக்கிட்டு இருந்திருக்கான். இப்ப இப்படி ஒரு பேரு வந்தப்புறமும் வேண்டாம்னு சொல்லலை. பெரிய மனசு.

கல்யாணம்னு சொன்னா அவ வருவாளா? வரமாட்டா. அதனால எனக்குக் கர்ப்பப்பையில கட்டி, ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னோம். போன்ல சொன்னா நம்புவாளோ மாட்டாளோன்னு மோகன் ஒரு யோசனை பண்ணினான். தெரிஞ்ச கிளினிக்ல என்னைப் படுக்க வச்சு, கையில ஊசி குத்தி, வெறும் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினான். நானே அந்தப் போட்டோவைப் பாத்துப் பயந்துட்டேன். சிந்து அன்னைக்கே டிக்கெட் போட்டுட்டா. போன்ல அப்படி ஒரு அழுகை. நான் வர்ற வரைக்கும் ஆபரேஷன் பண்ண விடாதம்மா, நான் பக்கத்துல இருக்கணும்னா. என்ன இருந்தாலும் பெத்த பாசம் போகுமா?

எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை டீச்சர், மாத்திரை சுகருக்கு.

அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ஏர்போர்ட்டுக்கு நீ மட்டும் வா, மாமா வரக்கூடாதுன்னா. சத்தியம் பண்ணச் சொன்னா. பண்ணினேன். மோகன் தூணுக்குப் பின்னாடி நிப்பான், அவ வெளிய வந்து என்னைக் கட்டிப்பிடிச்சதும் வந்துடுவான். அவன் சிநேகிதன் திருச்சியில இருந்து கார் கொண்டு வர்றான், பின்சீட்டுல நான் ஒரு பக்கம், மோகன் ஒரு பக்கம், அவ நடுவுல. முதல்ல பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கணும்னு சொல்லியிருக்கான். சின்னப் பிள்ளை மாதிரி எங்கயாவது தொலைச்சுடுவாள்ல. வர்ற வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயில்ல தாலி. பத்திரிகை கித்திரிகை ஒண்ணும் இல்லை. அவங்க அப்பாவுக்குத் தாலி ஏறினப்புறம் போன் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அந்த மனுசனுக்குத் தெரிஞ்சா குறுக்க விழுவார்.

கோவம் இருக்கும், இல்லாம இருக்குமா? அழுவா, ரெண்டு நாள் சாப்பிட மாட்டா. எனக்கும் கல்யாணத்தப்ப அப்படித்தான் இருந்துச்சு, யாரு கேட்டா? அதுக்கும் மோகன் வழி பண்ணிட்டான். மாடியில புதுசா ஒரு ரூம் கட்டியிருக்கான். கொத்தனார் பக்கத்துலயே நின்னு, ஒவ்வொரு கல்லா பாத்துப் பாத்துக் கட்டினது. ஜன்னல் சின்னதுதான், வெயில் வராது. ரூமுக்குள்ளயே பாத்ரூம். வெள்ளை டைல்ஸ், சுடுதண்ணி வர்ற பைப்பு, தகரம் எல்லாம் இல்லை, நல்ல மரக்கதவு. அந்த ஊர்ல பொது பாத்ரூமுல சீரழிஞ்சவளுக்குச் சொந்த பாத்ரூம் டீச்சர். குளிக்கணும்னாகூட அவ ரூமை விட்டு வெளிய வர வேண்டாம். எதுக்குமே வெளிய வர வேண்டாம்.

தாழ்ப்பாள் தாழ்ப்பாள்னு உயிரை எடுத்தாளே, பித்தளையில கனமா ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கான். இந்தத் தடவை ஆட்டினாலும் அசையலை. நானே இழுத்துப் பாத்தேன். ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் போட்டிருக்கான், மனசு மாறுற வரைக்கும்தானேக்கான்னான். பாத்ரூமுக்கா? பாத்ரூம் கதவுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்? புருஷன் பொண்டாட்டி புழங்குற இடத்துல யாருக்கு யாரு மறைவு?

என்ன சொன்னீங்க டீச்சர்? உங்க அண்ணன் பொண்ணா? அதுவும் ஜெர்மனி போகணும்கிறாளா? ஐயோ, வேண்டாம்னு சொல்லுங்க. இவ்வளவு சொல்லியும் சிந்து நம்பர் கேக்குறீங்களே. சரி, அவ வாயாலயே கேட்டுக்கட்டும். போன்ல சிந்துன்னு இருக்கும் பாருங்க, நீங்களே பாத்து எழுதிக்குங்க, எனக்குக் கண்ணாடி இல்லை. கேக்குறதை இப்பவே கேட்டுக்கச் சொல்லுங்க. சாயங்காலத்துல இருந்து அவ போனு மோகன்கிட்டதான் இருக்கும்.

கீரனூர் தாண்டியாச்சா? இனிமே என்ன, கண்ணை மூடித் திறந்தா ஏர்போர்ட். பூ வாடலை, பரவாயில்லை. கொஞ்சம் தண்ணி தெளிச்சு வைக்கிறேன்.

அண்ணன் பொண்ணுக்கா இவ்வளவு பெருசா மெசேஜ் அடிக்கிறீங்க? தலையைக்கூட நிமித்த மாட்டேங்குறீங்க, காலையில சாப்பிட்டீங்களா? என்கிட்ட பிஸ்கட் இருக்கு, எடுத்துக்குங்க.

இருங்க, சிந்துதான் கூப்பிடுறா. ஹலோ, என்னடி கண்ணு. பஸ்ஸுலதான் வந்துக்கிட்டிருக்கேன். நீ இன்னும் பிளேன் ஏறலையா? நான் மட்டும்தான்டி. மோகன் வீட்டுல இருக்கான், நான்தான் வர வேண்டாம்னுட்டேன். சத்தியமாத்தான். என்னது? என்னடி கேக்குற? ஹலோ. சிந்து. ஹலோ.

வச்சுட்டா. என்னமோ மாதிரி பேசுறா டீச்சர். மாமா நீலச் சட்டை போட்டிருக்காராம்மான்னு கேக்குறா. அவ கொழும்புல உக்காந்திருக்கா, இவன் இங்க போட்டிருக்கிற சட்டை அவளுக்கு எப்படித் தெரியும்? அப்புறம், உடம்பைப் பாத்துக்கம்மான்னா. அவ்வளவுதான். வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லலை. திரும்பக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்குறா. எல்லாரும் பிளேன்ல ஏறுறாங்க போல, அதனால இருக்கும். இல்லையா?

மோகன், டேய் மோகன், இங்க வாடா. சிந்து என்னமோ உன் சட்டைக் கலரைச் சொல்லிக் கேக்குறாடா. நான் சொல்லலை, சத்தியமா நான் வாயைத் திறக்கலை. யார்கிட்டயும் பேசலைடா. இந்த டீச்சர்கிட்டதான் பேசிக்கிட்டு வந்தேன். ஆமா, நம்பர் கேட்டாங்க, குடுத்தேன். அவங்க அண்ணன் பொண்ணுக்காம்.

ஏன் டீச்சர் எந்திரிச்சுட்டீங்க? இது மாத்தூர்தான், திருச்சி இன்னும் வரலை. கண்டக்டரை எதுக்கு விசில் அடிக்கச் சொல்றீங்க? உக்காருங்க. மோகன் உங்க போனை ஒரு நிமிஷம் பாக்கணும்கிறான். நீ வழியில நிக்காதடா, அவங்க உக்காரட்டும். ஏன் இப்படி ஒதுங்குறீங்க? போனைக் குடுங்க டீச்சர், பாத்துட்டுக் குடுத்துடுவான். என் தம்பி என்ன அந்நியனா?